ரெண்டு நிமிஷத்துல மூச்சு வாங்குது, ஓட்டம் எனக்கு ஒத்துவராதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் நிறைய கேள்வி வந்திருக்கு. நான் ஒண்ணே ஒண்ணைத்தான் எடுத்துக்கப் போறேன், ஏன்னா இதே கேள்வியை வேற வேற வார்த்தையில பல பேர் கேட்டிருக்கீங்க. பள்ளத்தூர்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. படிக்கிறேன்.

"அக்கா, எனக்கு 43 வயசு. ரெண்டு பிள்ளைங்க. சர்க்கரை எல்லைக்கோட்டுல இருக்கு, உடம்பை அசைக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. மூணு வாரமா ஓடிப் பாக்குறேன். ரெண்டு நிமிஷம் தாண்டல, மூச்சு வாங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, விலாவுல பிடிக்குது. முழங்காலுக்குக் கீழ எலும்போரமா வலிக்குது. தெருவுல எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க. ஓடுனா சந்தோஷமா இருக்கும்னு நீங்க சொல்றீங்க, எனக்கு ஒரு நாள்கூட அப்படி இல்ல. ஓட்டம் எனக்கு ஒத்துவராதா?"

ஒத்துவரும்மா. அதை முதல்லயே சொல்லிடுறேன். நீங்க எழுதுனதுல முக்கால்வாசிக்கு ஒரே காரணம்தான். உங்க உடம்பு இன்னைக்கு இருக்கிற நிலைமைக்கு நீங்க ரொம்ப வேகமா ஓடுறீங்க.

"நான் எங்க வேகமா ஓடுறேன், என் பையன் நடந்தே என்னைத் தாண்டிப் போறான்"னு நீங்க நினைக்கலாம். பையன் வேகத்தை விடுங்க. உங்க மூச்சைக் கேளுங்க. ஓடும்போது பக்கத்துல வர்றவங்ககிட்ட நேத்து என்ன குழம்பு வச்சீங்கன்னு ஒரு முழு வாக்கியம் தடங்கல் இல்லாம சொல்ல முடியணும். தனியா ஓடுறீங்களா, ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஓடுங்க. ஒவ்வொரு வரிக்கு நடுவுலயும் மூச்சை இழுக்க வேண்டியிருந்துச்சுன்னா வேகம் ஜாஸ்தி. குறைங்க. இன்னும் குறைங்க. வேகமா நடக்கிறவங்க உங்களைத் தாண்டிப் போனாலும் பரவாயில்ல, அந்த வேகத்துலதான் நீங்க இப்ப இருக்கணும்.

அந்த ரெண்டு நிமிஷக் கணக்கை மட்டும் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா நிறைய பேர் சரியா அந்த இடத்துலதான் விட்டுட்டுப் போறாங்க. நீங்க ஓட ஆரம்பிச்ச நொடியில இருந்து தொடை, கெண்டைச்சதை எல்லாம் அதிகமா ஆக்சிஜன் கேட்கும். ஆனா இதயமும் நுரையீரலும் அந்தத் தேவைக்கு உடனே ஈடு கொடுக்காது, ரெண்டு மூணு நிமிஷம் பிந்தித்தான் வரும். அந்த இடைவெளியை உடம்பு வேற வழியில சமாளிக்குது, அதனாலதான் மூச்சு திணறுது, கால் கனக்குது. பல வருஷமா ஓடுறவங்களுக்கும் முதல் கொஞ்ச நேரம் இப்படித்தான் இருக்கும். அவங்களுக்கு இது கடந்துபோகும்னு தெரியும், உங்களுக்குத் தெரியல. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால எடுத்த எடுப்புல ஓடாதீங்க. முதல்ல பத்து நிமிஷம் கை வீசி வேகமா நடங்க. உடம்பு சூடாகி மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அந்த நடையை அப்படியே மெதுவான ஓட்டமா மாத்துங்க.

அப்புறம், விடாம ஓடணும்னு உங்ககிட்ட யாரு சொன்னா? ஓட்டமும் நடையுமா மாத்தி மாத்திப் போறதுதான் தொடங்குறவங்களுக்குச் சரியான வழி. 1996ல ஜோஷ் க்ளார்க்னு ஒரு அமெரிக்கர், ஓடியே பழக்கமில்லாத தன் அம்மா மாதிரி ஆளுங்களுக்காக ஒன்பது வாரத் திட்டம் ஒண்ணு போட்டாரு. இன்னைக்கு உலகம் முழுக்க அதைத்தான் பின்பற்றுறாங்க. அதுல முதல் வாரம் என்ன தெரியுமா? அஞ்சு நிமிஷம் நடந்துட்டு, 60 விநாடி மெதுவா ஓட்டம், 90 விநாடி நடை, இதையே இருபது நிமிஷத்துக்கு மாத்தி மாத்தி. வாரத்துக்கு மூணு நாள் மட்டும். நீங்க முதல் நாளே ரெண்டு நிமிஷம் ஓடியிருக்கீங்க! நம்ம ஊர் வெயிலுக்கு ஒன்பது வாரத்தைப் பதினெட்டு வாரமாக்கிக்கங்கன்னு நான் சொல்லுவேன். ஒரு வாரத்துக்கான அளவை ரெண்டு வாரம் செய்ங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே ஓடுறது பிடிக்கலைன்னா நம்ம ஊர்லயே அதுக்கு அளவு இருக்கு. கானாடுகாத்தான்லயோ உங்க பள்ளத்தூர்லயோ பெரிய வீடுகளைப் பாருங்க. முன்வாசல் ஒரு தெருவுல, பின்கட்டு அடுத்த தெருவுல. நடுவுல போற சந்துல அந்தப் பக்கச் சுவர் முழு நீளத்துக்கும் வரும். ஒரு சுவர் நீளத்துக்கு ஓடுங்க, மூலை வந்ததும் நடங்க. அடுத்த ரெண்டு வீட்டைத் தாண்டுற வரைக்கும் நடைதான். எங்க காலைக் குழுவுல புதுசா வர்றவங்களை நான் இப்படித்தான் ஓட வைக்கிறேன். மனசு நிமிஷத்தை எண்ணாது. அந்தச் சுவர் எப்ப முடியும்னு பாக்கும், அது கண்ணுக்கு முன்னாடியே முடியுது. மண் ரோடு வேணும்னா ஊருணிக் கரை இருக்கு. தார் ரோட்டை விட செம்மண் காலுக்கு இதமா இருக்கும். மழைக்காலத்துல மட்டும் வழுக்கும், பாத்துப் போங்க.

நடந்தா அது கணக்குல வராதுன்னு ஒரு குற்ற உணர்ச்சி உங்க எழுத்துல தெரியுது. சர்க்கரைக்காகத்தானே ஆரம்பிச்சீங்க, அதனால இதைக் கேளுங்க. சென்னையில டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, உங்களை மாதிரி எல்லைக்கோட்டுல இருந்தவங்களை வச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க, 2006ல வெளிவந்துச்சு. சாப்பாட்டைச் சரிபண்ணி, தினமும் அரை மணி நேரமாவது வேகமா நடக்கச் சொன்னாங்க. அப்படி மாத்திக்கிட்டவங்களுக்குச் சர்க்கரை நோயா முத்துறது சுமார் 28 சதவீதம் குறைஞ்சுது. அதுல ஓட்டமே இல்ல. அதனால நடக்கிற ஒவ்வொரு நிமிஷமும் உங்க கணக்குலதான் சேருது.

இப்ப ஒரு முக்கியமான விஷயம், தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க. ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு பாத்துருங்க. தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு தேசிய குடும்பநல ஆய்வே சொல்லுது. ஆக்சிஜனைச் சுமந்துக்கிட்டுப் போறதே ஹீமோகுளோபின்தான். அது குறைஞ்சா எவ்வளவு மெதுவா ஓடினாலும் மூச்சு வாங்கும், படபடப்பு வரும். 12க்குக் கீழ இருந்தா டாக்டர்கிட்ட காட்டி மருந்து எடுத்துக்கங்க. மாதவிடாய் அதிகமா போகுதுன்னா அதையும் சொல்லுங்க, இந்த வயசுல நிறைய பேருக்கு அது உண்டு. சாப்பிட்ட கையோட காபி குடிக்கிற பழக்கத்தையும் விடுங்க. சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்தை அது உடம்புல சேர விடாது. கீரைக்கு எலுமிச்சை பிழிஞ்சுக்கிட்டா நல்லா சேரும். நம்ம பொண்ணுங்க எத்தனை பேர் "எனக்குத் தெம்பு இல்ல, நான் சோம்பேறி"ன்னு தன்னையே திட்டிக்கிறாங்க. ஒரு ரத்தப் பரிசோதனை செஞ்சா தெரிஞ்சுபோற விஷயத்துக்கு அப்படித் திட்டிக்கிறதைப் பாக்க எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

படபடப்பு வேற, நெஞ்சுல பாரம் வச்ச மாதிரி அழுத்தமோ, அது கைக்கோ தாடைக்கோ பரவுறதோ, கண்ணை இருட்டிக்கிட்டு வர்றதோ வேற. அது வந்தா அந்த இடத்துலயே நின்னு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

விலாப் பிடிப்பு பயப்படுற விஷயம் இல்ல. வயித்துல சாப்பாடோ, நிறைய தண்ணியோ இருக்கும்போது ஓடினா வரும். வந்தா நடைக்கு மாறி, பிடிக்கிற இடத்தைக் கையால அமுக்கிக்கிட்டு மூச்சை நல்லா முழுசா வெளிய விடுங்க, போயிடும். அரை மணி நேர ஓட்டத்துக்கு வெறும் வயிறே போதும். இட்லி, பணியாரம் எல்லாம் வந்து சாப்பிட்டுக்கலாம்.

கால் எலும்பு வலிக்கு வருவோம். உள்பக்கமா எலும்போரத்துல நீளத்துக்குப் பரவலா வலிச்சா, தாங்குறதுக்கு மேல வேலை கொடுத்துட்டீங்கன்னு அர்த்தம். ஒரு வாரம் ஓட்டத்தை விட்டு நடங்க, அப்புறம் குறைச்ச அளவுல திரும்ப ஆரம்பிங்க. ஒரே ஒரு இடத்துல விரல் நுனி வச்சா சுரீர்னு வலிக்குது, ராத்திரி படுத்தாலும் வலிக்குதுன்னா அது எலும்புல விரிசலா இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க. மூச்சு சில வாரத்துலயே பழகிடும். எலும்பும் தசைநாரும் பலப்பட மாசக்கணக்கு ஆகும். அதனால மூச்சு நல்லா வந்துருச்சேன்னு அஞ்சாவது, ஆறாவது வாரத்துல திடீர்னு தூரத்தைக் கூட்டுறவங்கதான் அதிகமா அடிபடுறாங்க. உங்களுக்கும் அந்த ஆசை வரும், இப்பவே சொல்லி வைக்கிறேன்.

பொண்ணுங்களுக்கு மட்டும் இன்னொண்ணு. பிரசவம் ஆனவங்களுக்கு ஓடும்போது கொஞ்சம் சிறுநீர் கசியலாம். வெக்கப்பட்டு ஓட்டத்தையே விட்டவங்களை எனக்குத் தெரியும். சிறுநீர்ப்பையைக் கீழ இருந்து தாங்குற இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி இருக்கு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவாங்க, பெரும்பாலும் நல்லா குறையும். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒண்ணு வாங்குங்க. விலை கூடுன ஷூவுக்கு முன்னாடி அதுதான் அவசியம்.

பாக்குறவங்களைப் பத்திச் சொல்றேன். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியில இருந்து கிளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியா பழனிக்குப் போகுது. தலைமுறை தலைமுறையா நடக்குற வழக்கம். அறுபது வயசு ஆச்சிமார் நாள்கணக்கா நடக்குறாங்க. பொண்ணுங்க ரோட்டுல தூரம் போறது நம்ம மண்ணுக்குப் புதுசே இல்ல. எங்க குழுவுக்கு வந்த ஒரு ஆச்சி பல வருஷம் பழனிக்கு நடந்தவங்க. முதல் நாள் எல்லாரும் முன்னாடி பாஞ்சு போய் சந்து முனையில குனிஞ்சு நின்னு மூச்சு வாங்குனாங்க. அந்த ஆச்சி மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு, நடையை விடக் கொஞ்சூண்டு வேகத்துல, பேசிக்கிட்டே வந்து அவங்களைத் தாண்டிப் போனாங்க. நாள் பூரா தாங்குற வேகம் எதுன்னு அவங்க காலுக்குத் தெரியும், யாரும் சொல்லித் தரல. உங்க வீட்டுலயும் பழனிக்கு நடந்தவங்க யாராவது இருப்பாங்க, அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. தெரு பழகிக்கும்மா. பத்து நாள் பாப்பாங்க, அப்புறம் ஒரு நாள் காணோம்னா "ஏன் வரல"ன்னு கேப்பாங்க. அதுவரைக்கும் துணைக்கு ஒருத்தரைச் சேத்துக்கிட்டு வெளிச்சம் வர்ற நேரத்துல கிளம்புங்க. சித்திரை, வைகாசியில ஆறு மணிக்குள்ள ஆரம்பிச்சிருங்க. நாய் துரத்துனா ஓடாதீங்க, நின்னு மெதுவா நடங்க. கடிச்சிருச்சுன்னா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கணும்.

சரி, சந்தோஷம் எப்ப வரும்னு கேட்டீங்க. அதுக்கும் வேகத்துக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு. ஓடுறப்ப வர்ற அந்த இதமான உணர்வுக்கு உடம்பே சுரக்கிற எண்டோகன்னாபினாய்டுங்கிற வேதிப்பொருள் முக்கியக் காரணம்னு இப்ப ஆய்வாளர்கள் சொல்றாங்க. மெல்ல நடக்க வச்சுப் பாத்தாங்க, ரத்தத்துல அது பெருசா ஏறல. முழு மூச்சுல ஓட வச்சாங்க, அப்பவும் ஏறல. நடுத்தர வேகத்துல அரை மணி நேரம் ஓடினவங்களுக்குத்தான் ஏறுச்சு. மூச்சு முட்ட ரெண்டு நிமிஷம் ஓடிட்டு நிக்கிறவங்களுக்கு அது எப்படிம்மா வரும்? பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல அரை மணி நேரத்துக்கு வாங்க, அப்ப கேளுங்க. அதுவரைக்கும் ஓடி முடிச்ச பிறகு வர்ற நிம்மதி இருக்கே, குளிச்சிட்டு உக்காரும்போது வர்றது, அதுதான் முதல்ல வரும். அதைக் கவனிங்க. இன்னும் கொஞ்சம் ஓடலாம்னு தோணும்போதே அன்னைக்கு நிறுத்திடுங்க. அப்பதான் மறுநாள் செருப்பை விட்டு ஷூவை எடுக்க மனசு வரும்.

ஒத்துவராதோன்னு நினைக்கிறவங்களுக்கு பில் பவர்மேன் கதையைச் சொல்லணும். அமெரிக்காவுல ஒலிம்பிக் வீரர்களை உருவாக்குன பயிற்சியாளர். 1962ல நியூசிலாந்துக்குப் போனப்ப, அங்க ஆர்தர் லிடியார்ட்னு ஒரு ஓட்டப் பயிற்சியாளர் அவரை ஊர்க்காரங்க கூட மெதுவா ஓடக் கூட்டிட்டுப் போனாரு. பவர்மேனுக்கு அப்ப 51 வயசு. கொஞ்ச தூரத்துலயே மூச்சு வாங்கிருச்சு. அவரை விட ரொம்ப மூத்த, ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஒரு பெரியவர்தான் அவருக்காக வேகத்தைக் குறைச்சு கூடவே வந்தாரு. ஊருக்குத் திரும்பினதும் பவர்மேன் தன் ஊர் ஜனங்களுக்கு மெதுவோட்டம் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சுட்டாரு. மத்தவங்களை ஓட வச்சே வாழ்ந்த மனுஷனுக்கே அப்படித்தான் தொடங்குச்சு.

அதனால தங்கச்சி, கால் வலி இருக்கிறதால இந்த வாரம் நடை மட்டும். ஹீமோகுளோபின் பாத்துருங்க. அடுத்த வாரம் ஒரு சுவர் ஓட்டம், ரெண்டு வீடு நடை. ரிசல்ட் வந்ததும் எவ்வளவுன்னு எனக்கு எழுதுங்க, அதை வச்சு மேற்கொண்டு பேசலாம். முழங்கால் தேய்மானம் இருக்கிறவங்க ஓடலாமான்னு தேவகோட்டையில இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு, அதை அடுத்த வீடியோவுல பாப்போம்.