எழுதாக் கடன்

(மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, ஆலயத் தலைவர் டத்தோ அவர்களே, தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, தோட்டங்களிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். சட்டமன்ற உறுப்பினருக்கு ஈப்போவில் இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. இருந்தும் தமிழ்வாழ்த்து முதல் நம்மோடு அமர்ந்திருக்கிறார். டத்தோ அவர்கள் இந்த மண்டபத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். மழைக்காலத்தில் இங்கே தேர்வு எழுதும் பிள்ளைகள் சார்பில் அவருக்கு நன்றி. மலேசிய இந்தியர்களின் தலைவராக விளங்கிய துன் சம்பந்தன் பிறந்த ஊரில் மேடை ஏறுவது எனக்கு எப்போதும் பெருமை.

நான் பார்த்த நான்கு இடங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்: கம்போடியாவின் அங்கோர் வாட், ஜாவாவின் பொரோபுதூர், தஞ்சைப் பெரிய கோயில், சயாம் என்று நாம் சொல்லும் தாய்லாந்தின் காஞ்சனபுரி. பேசுகிறேன். அதற்கு முன் என் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று: “எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?” இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்திருங்கள்.

அங்கோர் வாட் இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் திருமாலுக்கு எழுப்பிய கோயில். கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் காட்சி சுவர் நீளத்துக்குப் போகிறது. அசுரர் ஒரு பக்கம், தேவர் ஒரு பக்கம், நடுவே திருமால். தெற்குச் சுற்றில் அரசனின் படை ஊர்வலம் இருக்கிறது. யானைமேல் போகும் தளபதிகளுக்கு அருகே சிறு எழுத்தில் அவரவர் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். யானைக்கு முன்னே நடந்துபோகிறவனுக்குப் பெயர் இல்லை.

தஞ்சைக்கு வாருங்கள். 1010இல் குடமுழுக்கு கண்ட கோயில். விமானத்தை அண்ணாந்து பார்க்காதவர் இல்லை. நான் நெடுநேரம் நின்றது வெளிச்சுவருக்குப் பக்கத்தில்தான். கோயில் பணிக்குக் கொண்டுவந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல்மகளிரின், பெயரையும் இராசராசன் கல்லில் வெட்டச் சொன்னான். எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, எந்தச் சிறகு, அதாவது தெருவின் எந்தப் பக்க வரிசை, எத்தனையாவது வீடு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ‘தெற்குத் தளிச்சேரித் தென்சிறகு தலைவீடு’ என்று தொடங்குகிறது. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு நூறு கலம் நெல். கணக்கரும் தையற்காரரும் நாவிதரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆடிய ஒரு பெண்ணின் வீட்டு முகவரி நமக்குத் தெரிகிறது. இந்த ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய நம் பாட்டனின் சொந்த ஊர் எது? கைதூக்கச் சொன்னால் இந்த மண்டபத்தில் எத்தனை கை எழும்? எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

இப்போது உள்ளே வரும் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் அவர்களை வரவேற்கிறேன். முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறோம், ஐயா.

காஞ்சனபுரி. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதையை ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு லட்சம். ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்கள் பட்டினி கிடந்த காலம் அது. கூலி தருகிறோம் என்று ஆசை காட்டியும், அதற்கு மசியாதவர்களைப் பிடித்து லாரியில் ஏற்றியும் மலாயாத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் தின்றது போக மிச்சம்தான் திரும்பியது.

எங்கள் குழுவில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி வந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது தகப்பனாரைப் பிடித்துப் போனார்கள். போர்க்கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கற்கள், வெட்டிய புல், பூச்செடிகள், கல்லுக்குக் கல் பெயர். பாட்டி வரிசை வரிசையாக நடந்தார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரர் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஒரு நாற்காலி கொண்டுவந்தார். பாட்டி உட்காரவில்லை. “ஐயா, எங்கள் அப்பா எந்தக் கல்லில் இருக்கிறார்?” என்று என்னைக் கேட்டார். அவையெல்லாம் ஆங்கிலேய, டச்சு, ஆஸ்திரேலியச் சிப்பாய்களின் கற்கள் என்று சொன்னேன். “அப்படியா, நம் ஆட்களுக்கு வேறு இடமா?” என்றார்.

மறுநாள் ‘நாம் தோக்’ என்ற ஊருக்குப் போகும் மூன்றாம் வகுப்பு ரயிலில் ஏறினோம். வழியில் ‘தாம் கிரசே’ என்ற இடத்தில் பாதை ஆற்றை ஒட்டி, மலைச்சரிவில் மரத்தூண்கள்மேல் ஊர்ந்து போகிறது. நம்மவர் ரத்தம் சிந்திய இடம். ரயில் நின்றதும் பாட்டி மஞ்சள் பையோடு இறங்கிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன். குகையில் புத்தர் இருக்கிறார், அங்கே போகவில்லை. தண்டவாளத்துக்கு அருகே ஒரு பாறையில் வெற்றிலை பாக்கு வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் எடுத்தார். ஆற்றுக்காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. ரயில் ஊதியது. “பாட்டி, வாருங்கள்!” என்று கத்துகிறேன். குழுவினர் சன்னல் சன்னலாகக் கையசைக்கிறார்கள். பலகாரம் விற்ற சயாம் பெண் ஓடிவந்து தன் கூடையைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்தாள். சூடம் பற்றியது. ரயில் நகர்ந்தது. பாட்டி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ரயில் நாளைக்கும் வரும் ஐயா, சூடம் இப்போதுதான் பற்றியிருக்கிறது.” பிறகு தகப்பனாரின் பெயரை, அவர் தகப்பனாரின் பெயரோடு சேர்த்து, ஆற்றைப் பார்த்து மூன்று முறை உரக்கச் சொன்னார். அந்தப் பெண் எங்களுக்குச் சோறு போட்டு, தன் அண்ணனின் பிக்கப்பில் ‘நாம் தோக்’ ஊரில் கொண்டுவந்து விட்டாள். காசு வாங்க மறுத்துவிட்டாள்.

அண்மையில் காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரையில் நம்மவருக்கும் நடுகல் எழுந்திருக்கிறது. முயன்றவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் கல் நட்டாகிவிட்டது, பெயர்கள் எங்கே? எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

பொரோபுதூருக்கு இன்று நேரம் இல்லை, மன்னியுங்கள். என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்துக்கு ஒரு பெயர்ப் பதிவேடு வேண்டும். யார், எந்தக் கிராமம், ரஜூலாவில் வந்தாரா வேறு கப்பலிலா, எந்தத் தோட்டம், எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), சயாமுக்குப் போனவர் யார், திரும்பியவர் யார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய் செம்பனை வந்து, லயங்கள் இடிபட்டு, நாம் அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். தொழிலாளர் பெயரையும் வேலைநாளையும் எழுதிய பழைய செக்ரோல் புத்தகங்கள் கரையானுக்குப் போயின. இனி மிஞ்சியிருப்பது பெரியவர்களின் நினைவு மட்டும், அதற்கும் வயதாகிறது. சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, பள்ளியில் ஓர் அறை ஒதுக்கத் தலைமையாசிரியை சம்மதித்திருக்கிறார். ஓர் இரும்பு அலமாரியும் ஒரு கணினியும் உங்களிடம் கேட்கிறேன். டத்தோ அவர்களே, பதிவேட்டை அச்சிடும் செலவை ஆலயம் ஏற்க வேண்டும்.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் வாசலருகே மேசை போட்டு, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் வரியில் அந்தப் பாட்டியின் தகப்பனார் பெயர் இருக்கிறது. சாப்பாடு எட்டரைக்குத்தான், அதற்குள் எல்லாரும் ஒருமுறை அங்கே போய் வாருங்கள். அடையாள அட்டை தேவையில்லை, தெரிந்ததைச் சொன்னால் போதும். நன்றி, வணக்கம்.