கட்டிலருகே ஒரு நோட்டுப் புத்தகம்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, வரவேற்புரை வழங்கிய மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் இதயம், நுரையீரல், புற்றுநோய்த் துறைகளின் சிறப்பு மருத்துவர்களே, இந்தக் கூட்டம் நடந்தே ஆக வேண்டும் என்று மூன்று மாதமாக உழைத்த செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, ஃபிசியோதெரபித் துறைப் பேராசிரியர்களே, இரவுப் பணி முடித்துத் தூங்கப் போகாமல் இங்கே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, பெரிய நோயிலிருந்து மீண்டு வந்திருக்கும் அன்பர்களே, அவர்கள் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அவைத்தலைவர் என்னைப் பற்றி அன்போடு நிறையச் சொன்னார். ஒன்றை மட்டும் நான் சேர்க்க வேண்டும். நான் மருத்துவன் அல்ல. முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு, நோயிலிருந்து மீள்வது பற்றிய ஆராய்ச்சிகளைத் தேடித் தேடிப் படித்தேன். புரியாததை இந்த மேடையில் இருப்பவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். அந்தக் கடனை நான் மறக்க மாட்டேன்.

மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒருவர் குணமாகிவிட்டாரா என்பதை எப்படி அளக்கிறார்கள் என்பது முதலாவது. படுத்த உடம்பு எப்படி எழுகிறது என்பது இரண்டாவது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் வேலை, வருமானம், உடல்நலம் என்ன ஆகிறது என்பது மூன்றாவது.

என் பாட்டி அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். 'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.' யாராவது நம் துன்பத்தைக் கண்டுகொள்ளாதபோது கசப்போடு சொல்கிற வார்த்தை அது. எனக்கு அது ஒரு ஆராய்ச்சி முறையாகப் படுகிறது. வந்தவனுக்குத்தான் தெரியும் என்றால், வந்தவனிடம்தானே கேட்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் 1948இல் நடைமுறைக்கு வந்தது. நலம் என்பது வெறுமனே நோய் இல்லாதிருப்பது மட்டுமல்ல, உடலும் மனமும் சமூக வாழ்வும் முழுமையாக நன்றாயிருக்கும் நிலை என்று அதில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே, 1949இல், கார்னோஃப்ஸ்கி அளவுகோல் வெளிவந்தது. புற்றுநோயாளி எந்த அளவுக்கு நடமாடுகிறார், தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா என்று பார்த்து, பூஜ்யம் முதல் 100 வரை மதிப்பெண் போடும் முறை. மிகப் பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் மதிப்பெண் போட்டவர் மருத்துவர். முப்பத்திரண்டு ஆண்டு மதிப்பெண் போட்டவன் சொல்கிறேன், விடைத்தாளைத் திருத்தத்தான் ஆசிரியர் வேண்டும். அதை எழுத வேண்டியவன் மாணவன்.

அந்த விடைத்தாளை நோயாளி கையில் கொடுக்கப் பல ஆண்டுகள் ஆயின. இன்று எத்தனையோ வினாத்தாள்கள் இருக்கின்றன. முப்பத்தாறு கேள்வி கொண்ட எஸ்.எஃப்-36, புற்றுநோய்க்கென்று முப்பது கேள்விகளோடு ஐரோப்பாவில் உருவானது, இப்படி. எனக்குப் பிடித்தது ஈ.க்யூ-5டி என்கிற சின்னஞ்சிறு தாள். ஐந்தே விஷயங்கள்: நடமாட்டம், குளிப்பது உடுத்துவது போன்ற சொந்த வேலைகள், அன்றாட அலுவல், வலி, மனக்கவலை. கடைசியில் 0 முதல் 100 வரை போட்ட ஒரு கோடு. இன்றைக்கு உங்கள் நலம் எந்த இடத்தில் இருக்கிறது என்று நோயாளியே அதில் குறிக்க வேண்டும்.

கேட்பதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நியூயார்க்கில் ஈத்தன் பாஷ் என்ற புற்றுநோய் மருத்துவரும் அவருடைய குழுவினரும் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த 766 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினர் தங்களுக்கு வலி இருக்கிறதா, குமட்டுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கணினி வழியாகத் தாங்களே தெரிவித்தார்கள். தொல்லை கூடியதும் செவிலியருக்குச் செய்தி போனது. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. தானே தெரிவித்தவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. 2017இல் வெளியிட்ட முடிவில், அவர்களின் இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். புது மருந்து எதுவும் கொடுத்துப் பார்த்த ஆய்வு அல்ல அது. கேட்டார்கள், பதிலுக்குக் காது கொடுத்தார்கள். ஐந்து மாதம்! தலைவலியும் காய்ச்சலும் வந்தவனுக்குத்தான் தெரியும், அவன் சொன்னால்தான் செவிலியருக்குத் தெரியும்.

கனடாவில் டொரொன்டோவைச் சேர்ந்த மருத்துவர் மார்கரெட் ஹெரிட்ஜ், நுரையீரல் கடுமையாகப் பாதித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்த 109 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார். 2003இல் முடிவு வந்தது. ஐ.சி.யூ.வை விட்டு வெளியே வரும்போது அவர்கள் சராசரியாக உடல் எடையில் 18 சதவீதம் இழந்திருந்தார்கள். ஆறு மாதத்துக்குள் நுரையீரலின் கொள்ளளவு ஏறக்குறைய வழக்கமான அளவுக்குத் திரும்பிவிட்டது. எக்ஸ்ரேயைப் பார்ப்பவர் 'நன்றாயிருக்கிறது' என்பார். ஆனால் ஓராண்டு கழித்தும் அவர்களால் ஆறு நிமிடத்தில் நடக்க முடிந்தது 422 மீட்டர்தான். அந்த வயதுக்காரர்கள் நடக்க வேண்டியதைவிட மிகக் குறைவு. வேலைக்குத் திரும்பியிருந்தவர்கள் பாதிப் பேர். இந்த மாதிரி நிலைக்கு ஒரு பெயர் வைக்கவே 2010 வரை ஆயிற்று. ஐ.சி.யூ.வில் உயிர் பிழைத்தவருக்கு உடம்பிலும் நினைவிலும் மனத்திலும் தொடரும் பாதிப்புகளை ஒன்றுசேர்த்துத் 'தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறித்தொகுப்பு' என்கிறார்கள். அதில் குடும்பத்தாருக்கு வரும் பாதிப்பையும் சேர்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடமும் அண்ணியிடமும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி, மூச்சு விட முடியாமல், பத்தொன்பது நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். அதில் பதினோரு நாள் வென்டிலேட்டர். பிழைத்தார். அந்த மருத்துவர்களின் திறமைக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் நன்றி உடையது. டிஸ்சார்ஜ் தாளில் 'பொது நிலை நன்று' என்று எழுதியிருந்தது. உறவினர்கள் எல்லாரும் வந்து பார்த்து, மறுபிறவி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் அண்ணன் அண்ணியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை கிடையாது. கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும், அவ்வளவுதான். இரவில் விளக்கை அணைக்க விடமாட்டார். தூங்கினால் அலறிக்கொண்டு எழுவார். மறுபரிசோதனைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அண்ணன், "சரிங்க டாக்டர்" என்றார். தூக்கம் வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒருநாள், மழைக்கு ஒதுங்கி நின்றபோது என்னிடம் சொன்னார். "தம்பி, என்னை ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரயில் வரவே இல்லை. பச்சை உடுப்பு போட்ட ஒருத்தி வந்து என் தொண்டைக்குள் கையை விட்டு எதையோ பிடுங்கிக்கொண்டே இருந்தாள். உன் அண்ணி வந்தாள். பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டாள்."

அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். அவருக்கு அது கனவு அல்ல, நடந்த சம்பவம். அமெரிக்காவில் ஐ.சி.யூ. நோயாளிகள் 821 பேரைக் கவனித்த ஆய்வு 2013இல் வந்தது. அவர்களில் 74 சதவீதம் பேருக்குச் சிகிச்சைக் காலத்தில் டெலிரியம் என்கிற மனக்குழப்பம் ஏற்பட்டிருந்தது. நான்கில் மூன்று பேர்! அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அண்ணி எதுவும் பேசாமல் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். மருந்துச் செலவுக் கணக்கு எழுதிய நோட்டு. அதைப் பின்பக்கம் திருப்பி, காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும் நான்கைந்து வரி எழுதி வைத்திருந்தார். யாரிடமும் பேச முடியாததால் எழுதியது.

அதை அண்ணன் கையில் கொடுத்தோம். அவர் சத்தமாகவே படித்தார். 'ஆறாம் நாள். கையைக் கட்டியிருக்கிறார்கள். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று சிஸ்டர் சொன்னார். கட்டு இறுக்கமாக இல்லை, என் விரல் நுழைகிறது.' 'ஏழாம் நாள். மெஷின் மணி நிற்காமல் அடிக்கிறது. அடித்தால் பயப்படாதீர்கள் என்கிறார்கள்.' 'எட்டாம் நாள். பச்சை கவுன் போட்ட சிஸ்டர் தொண்டையில் சளி உறிஞ்சி எடுத்தார். பார்க்க முடியவில்லை. சின்னப் பெண்தான். செய்யும்போது அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே செய்தது.' அடுத்து, 'ஒன்பதாம் நாள். பத்து நிமிடம் விட்டார்கள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பேசினால் அழுதுவிடுவேன் என்று பேசவில்லை. நேரம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். கதவுவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.'

அண்ணன் நோட்டை மூடினார். அண்ணியைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். "திரும்பிப் பார்த்தியா?" அண்ணி, "ஆமாங்க" என்றார். அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினார்கள்.

(கைதட்டல் நின்றதும் தொடர்ந்தேன்.)

அண்ணி தானாகச் செய்ததை ஸ்காண்டிநேவிய நாடுகளில் செவிலியர்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். ஐ.சி.யூ. நாட்குறிப்பு என்றே அதற்குப் பெயர். நோயாளியைப் பார்த்து 'நீங்கள்' என்று எழுதுவார்கள், குடும்பத்தாரும் எழுதுவார்கள். கிறிஸ்டினா ஜோன்ஸ் தலைமையில் ஐரோப்பிய நாடுகள் ஆறில் 352 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வந்தது. நாட்குறிப்பைச் சீக்கிரமே பெற்றவர்களில் 5 சதவீதம் பேருக்குத்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் புதிதாக வந்தது. பெறாதவர்களில் 13 சதவீதம் பேருக்கு வந்தது. இன்னொன்றையும் இந்த அறிஞர் அவையில் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரான்சில் 35 ஐ.சி.யூ.க்களில் நடந்த பெரிய ஆய்வு 2019இல் வந்தபோது, அந்த மனநோயின் அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே நோட்டுப் புத்தகத்தை மருந்து என்று நான் விற்க வரவில்லை. மனநோயின் மதிப்பெண்ணை அது குறைக்கிறதா என்பது ஆராய்ச்சியாளர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. ஒருவர் வாழ்க்கையிலிருந்து தொலைந்துபோன பத்தொன்பது நாளை அவரிடமே திருப்பிக் கொடுப்பதற்கு, அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா? அது அவருடைய சொத்து அல்லவா?

வள்ளுவர் மருந்து அதிகாரத்தைக் கடைசிக் குறளில் முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நோயுற்றவன் முதலில் நிற்கிறான். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவருக்கும் தனி இடம் உண்டு. வகுப்பில் எத்தனையோ முறை இதை நடத்தியிருக்கிறேன். அண்ணியின் நோட்டைப் பார்த்த பிறகுதான் 'உழைச்செல்வான்' யாரென்று எனக்கு முகம் தெரிந்தது.

இரண்டாவது செய்தி உடம்பு எழுவது பற்றியது. ஃபிசியோதெரபிப் பேராசிரியர்கள் முன்னால் நான் அதிகம் பேசுவது முறையாகாது, அடுத்து அவர்களே பேச இருக்கிறார்கள். ஒன்று மட்டும். வென்டிலேட்டரில் இருக்கும்போதே, மயக்க மருந்தைத் தினமும் சற்று நிறுத்தி, கைகால் அசைத்து, உட்கார வைத்து, முடிந்தால் நிற்கவும் வைத்த ஆய்வு 2009இல் வந்தது. 104 பேர். அப்படிச் செய்தவர்களில் 59 சதவீதம் பேர் டிஸ்சார்ஜின்போது தங்கள் வேலையைத் தாங்களே செய்யும் நிலையில் இருந்தார்கள். மற்றவர்களில் 35 சதவீதம். மனக்குழப்பம் நீடித்த நாட்களும் பாதியாகக் குறைந்தன. இந்தத் துறைக்குப் பெருமை சேர்த்த எல்லாருக்கும், அண்ணனை முதன்முதலில் கட்டிலோரம் உட்கார வைத்த அந்த இளைஞருக்கும் இந்த மேடையிலிருந்து என் வணக்கம்.

மூன்றாவதாகப் பராமரிப்பவரின் வேலை, வருமானம் பற்றிப் பேச நேரம் போதாது. அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை.

என் வேண்டுகோளுக்கு வருகிறேன். ஐ.சி.யூ.வில் சேரும் ஒவ்வொருவருக்கும் சேர்க்கைத் தாளோடு நூறு பக்க நோட்டு ஒன்று வேண்டும். முதல்வர் அவர்களே, கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, இந்த மருத்துவமனையில் ஆறே மாதம் நடத்திப் பாருங்கள். செவிலியர் சகோதரிகளுக்கு ஏற்கெனவே எழுத்து வேலை அதிகம் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் ஒரு பணிநேரத்துக்கு இரண்டு வரி எழுதினால் போதும். மீதியைக் குடும்பத்தார் எழுதட்டும். மூன்றாம் மாதம் மறுபரிசோதனைக்கு வரும்போது, எக்ஸ்ரேயோடு அந்த ஐந்து கேள்வித் தாளையும் கொடுத்து, 'என்ன நினைவிருக்கிறது உங்களுக்கு?' என்றும் கேளுங்கள். தலைவலியும் காய்ச்சலும் வந்தவர் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சில பேர் அந்த நோட்டைப் படிக்க விரும்ப மாட்டார்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். அலமாரியில் இருக்கட்டும், கேட்கிற அன்றைக்குக் கொடுக்கலாம்.

குடும்பத்தாருக்கு: பெரிதாக எதுவும் எழுத வேண்டாம். தேதி, யார் வந்தார்கள், என்ன சத்தம் கேட்டது, கையைத் தொட்டபோது அசைந்ததா, அன்றைய டியூட்டி சிஸ்டர் எப்படிக் கூப்பிட்டார். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். முதல் பக்கத்தில், அவரை வீட்டில் என்ன பெயரில் அழைப்பீர்கள் என்று எழுதி வையுங்கள், அதைச் சொல்லிக் கூப்பிட்டால் செவிலியருக்கும் உதவும்.

வாசலில் உள்ள மேசையில் இருநூறு நோட்டு வைத்திருக்கிறோம். அண்ணிதான் அட்டை போட்டார். அவரும் அண்ணனும் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். நோட்டை அவர்கள் கையாலேயே வாங்கிக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.