பையன் காலேஜ் வேண்டாம்னு சொன்னப்போ நாங்க என்ன பண்ணோம்

வணக்கமுங்க. இன்னைக்குச் சமையல் வீடியோ இல்லைங்க. போன வாரம் ஒரு அக்கா கமெண்ட்ல, "பையன் இன்ஜினியரிங் பாதியில நிக்கறான், எனக்குத் தூக்கமே வரல"ன்னு போட்டிருந்தாங்க. அக்கா, உங்களுக்காகத்தான் பேசறேன்.

எங்க பையன் பிளஸ் டூல கட்-ஆஃப் 148. கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்குப் போடுவாங்கல்ல, அதுல. எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ்ங்கறாங்கன்னு கவுன்சிலிங்ல நாங்களும் அதையே போட்டோம். அவனக் கேக்கலைங்க. முதல் வருசம் முடியறப்போ ஆறு அரியர். சாப்பிடக் கூப்பிட்டாக்கூட "பசிக்கலம்மா"ன்னு கதவச் சாத்திக்குவான்.

திருப்பூர்ல எங்க வீட்டு முன் ரூம்ல துணி ஓரம் தைக்கற ஓவர்லாக் மிஷின் ரெண்டு போட்டிருக்கோம். ஒருநாள் ஒண்ணுல நூல் அந்து அந்து போகுது. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவேன்னுட்டாரு. ராத்திரி 11 மணிக்கு எந்திரிச்சுப் பார்த்தா, இவன் போன் வெளிச்சத்துல மூடியக் கழட்டி வெச்சு, வீலக் கையால மெதுவாச் சுத்தி, நூலக் கோர்த்து விடற கொக்கி, லூப்பர்ம்பாங்க, அது ஊசிகிட்ட எப்ப வருதுன்னு குனிஞ்சு பார்த்துட்டு இருக்கான். "டைமிங் விட்டிருக்கும்மா"ங்கறான். அவன் முகத்த அப்படிப் பார்த்து எத்தனை மாசமாச்சுங்க!

காலேஜ் வேண்டாம்னு அவன் சொன்னதும் அவங்க அப்பா ஒரு வாரம் பேசவே இல்ல. ஊருக்குள்ள என்ன சொல்றதுன்னு அவருக்கு. நான் அந்த மெக்கானிக் அண்ணன்கிட்டக் கேட்டு, பத்து நாள் பையன அவர்கூடவே அனுப்பினேன். எண்ணெயும் அழுக்குமா கம்பெனி கம்பெனியா அலையறது பிடிக்குதான்னு அவனே பார்க்கட்டும்னு. அட்மிஷனுக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி இத மட்டும் செஞ்சிருங்க. பதினோராவது நாள் நான் சொல்லாமயே குளிச்சுக் கிளம்பி நின்னான்.

பிளஸ் டூல கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி படிச்சவங்க பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருசம் சேரலாமுங்க. ரெண்டே வருசத்துல டிப்ளமோ. அப்புறம் அவங்களுக்கே வேணும்னு தோணுச்சுன்னா பி.இ.லயும் நேரா ரெண்டாம் வருசம். இது தெரிஞ்சதுக்கப்புறம்தான் அவங்க அப்பா முகம் தெளிஞ்சுது. இப்ப கவர்மெண்ட் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் கிடைச்சிருக்கு.

ஆனா பழைய காலேஜ்ல சர்ட்டிபிகேட் வாங்க நாலு தடவ நடக்க விட்டாங்க. ஒரிஜினல காலேஜ் பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு இன்ஜினியரிங் காலேஜுகளுக்கு அனுமதி கொடுக்கற ஏ.ஐ.சி.டி.இ.யோட விதியே இருக்குங்க, தைரியமாக் கேளுங்க.

அக்கா, உங்க பையன் சும்மா இருக்கறப்போ அவன் கை எதுக்குப் போகுதுன்னு பார்த்து எனக்கு எழுதுங்க. நான் கட்டாயம் பதில் போடறேன்.