நதிமூலம் பார்ப்போம் நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, வேலூர் மக்களே, வணக்கம். நம் ஊரைப் பற்றிப் பழைய நையாண்டி ஒன்று உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. 1981இல் சாமி ஜலகண்டேஸ்வரர் தம் கோட்டைக் கோயிலுக்கே திரும்பி வந்தார். அந்தக் குறை தீர்ந்தது. இப்போது நம் கவலையே நடமாடும் சாமிகள்தான்.

ஆசிரமங்களில் நடக்கும் அக்கிரமங்களுக்குப் பெரிய காரணம் குருவின் ஆசையா, கூட இருப்பவர்களின் மௌனமா? இதுதான் தலைப்பு. ஆசைதான் என்று எதிரணி ஐயா முழங்கிவிட்டுப் போனார். நல்ல குரல், கைதட்டலும் வாங்கினார். ஆனால் நடுவே வாய்தவறி, "ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக் கூடாதுன்னு நம்பித்தானே ஐயா ஜனங்க போனாங்க?" என்றார். சரி, அப்போது பார்க்காமல் இருந்தது யார்?

அதுவும் நதிமூலத்தைப் பாலாற்றங்கரையில் வந்து பேசலாமா? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் கழிவு ஆற்றில் கலந்து கிணறு கெட்டபோது, பார்க்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தோமா? இந்த மாவட்டத்துக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மாசுபடுத்தியவர்தான் ஈடுகட்ட வேண்டும் என்று 1996இல் தீர்ப்பு வந்தது. ஆற்றுக்காக வாய் திறந்த அதே ஆட்கள், ஆசிரம வாசலில் செருப்போடு சேர்த்து வாயையும் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போகிறோம்.

மௌனம் என்று நான் பாதிக்கப்பட்ட பெண்களைச் சொல்லவில்லை. அவர்கள் பேசினார்கள். விராலிமலைப் பக்கம் பிரேமானந்தா ஆசிரமத்திலிருந்து 1994இல் தப்பி வந்த பெண்கள் பேசியதால்தான் அந்த வழக்கே வெளியில் வந்தது. பதின்மூன்று பெண்களுக்குச் செய்த கொடுமைக்கும் ஒரு கொலைக்கும் 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் பிரேமானந்தாவுக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. உடனிருந்தவர்களும் சேர்ந்தே தண்டனை பெற்றார்கள். பதின்மூன்று பேர், ஐயா! அந்த ஆசிரமத்தில் ஒருவர் காதிலும் விழவில்லையா?

வடநாட்டுச் சாமியார் ஆசாராம் வழக்கைப் பாருங்கள். பதினாறு வயதுச் சிறுமி, குடும்பமே பக்தர்கள். பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது, ஆசாராம்தான் சரிசெய்வார் என்று பெற்றோரிடம் சொன்னது அவள் படித்த குருகுலம். 2018இல் ஜோத்பூர் நீதிமன்றம் ஆசாராமுக்கு ஆயுள் தண்டனை விதித்த அன்றே, விடுதி வார்டனுக்கும் 20 ஆண்டு விதித்தது. குருவுக்கு ஆசை, ஒப்புக்கொள்கிறேன். வார்டனுக்கு என்ன ஆசை? எதிரணி பதில் சொல்லட்டும்.

என் பெரியம்மா குடியாத்தத்தில் இருந்தார். பெரியப்பா இறந்த வருஷம், பெரியம்மா ஓர் ஆசிரமத்துக்குச் சேவைக்கென்று கிளம்பினார். பெயர் வேண்டாம். கை வளையல் இரண்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, அங்கே அடுப்படியில் தினமும் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்தார். எட்டு மாதத்தில் ஒரு மஞ்சப்பையோடு திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டால் "முட்டி வலி" என்பார். பூஜை அலமாரியில் அந்தச் சாமியார் படம் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

பல வருஷம் கழித்து, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "கூட வெங்காயம் உரிச்ச பொண்ணுப்பா. பதினஞ்சு, பதினாறு இருக்கும். ராத்திரி எங்கிட்டதான் வந்து சொல்லிச்சு. சாமியப் பத்தி அப்டிப் பேசினா நாக்கு அழுகிடும்னு நான்தான் அது வாயப் பொத்தினேன்."

பெரியம்மாவுக்கு எந்த ஆசையும் கிடையாது. அங்கே இருந்ததிலேயே நல்ல மனுஷி அவர்தான். அதனால்தான் அந்தப் பெண் அவரைத் தேடி வந்திருக்கிறாள்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அது பேருகூட மறந்துபோச்சுப்பா" என்றார்.

மணியடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. உட்காருகிறேன்.