தேயிலைப் பெட்டியும் சிவப்புப் பாயும்

(இலங்கை மலையகத்தில், அட்டனில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அம்மாமார்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மலையில் இருந்துகொண்டு பாய்மரப் படகைப் பற்றி என்ன பேச்சு என்று வாசலில் ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பலகையைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறேன். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இது என்னவென்று சொல்லத் தேவையில்லை. தேயிலைப் பெட்டியின் ஒரு பக்கம்.

என் அப்பா ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டி அடித்தவர். பிளைவுட் பலகைகள் கட்டுக்கட்டாக லொறியில் வந்து இறங்கும். கிந்தோட்டையில் இருந்த அரசாங்கத் தொழிற்சாலையில் செய்த பலகைகளும் அதில் இருக்கும். விளிம்பில் தகரப்பட்டி வைத்து ஆணி அடித்து, உள்ளே ஈயத்தாள் விரித்தால் பெட்டி தயார். நல்ல பெட்டி தேயிலையோடு கொழும்புக்குப் போகும். உடைந்த பெட்டி நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வரும். காம்பரா என்கிற எங்கள் ஒற்றை அறையை இரண்டாகத் தடுக்கிற மறைப்பு, அரிசிப் பெட்டி, சாமி படம் வைக்கிற தட்டு, நான் எழுதிப் படித்த மேசை எல்லாமே அந்தப் பலகைதான். இப்போது தேயிலை காகிதப் பையில் போகிறது. பெட்டியை இந்தப் பிள்ளைகள் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

ஒன்பது வயதில் நானும் ஒரு கூட்டாளியும் ஒரு முழுப் பெட்டியை ஆற்றில் விட்டோம். உரச்சாக்கைக் கிழித்துப் பாய் கட்டியிருந்தோம். கொஞ்ச தூரம் மிதந்து போய் ஒரு பாறையில் தட்டி நின்றது. மூன்று நாள் கழித்துப் போய் எடுத்தபோது பலகை ஊறி, வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டிருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. "பலகையில குத்தமில்லப்பா, பசையிலதான் குத்தம்" என்றார்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது, வீட்டிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய மிரர் என்ற பாய்ப்படகின் வரலாறு. அது அந்தப் பசையில்தான் தொடங்குகிறது.

பிளைவுட் என்பது மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி, ஒன்றின் ரேகை நெடுக்காகவும் அடுத்ததன் ரேகை குறுக்காகவும் வருகிற மாதிரி ஒட்டியது. அதனால் வெடிக்காது, கனமும் குறைவு. ஆனால் பழைய பசைகளுக்குத் தண்ணீர் ஆகாது. 1930களின் கடைசியில் இங்கிலாந்தில் நார்மன் டி புரூயின் என்பவர் ஏரோலைட் என்று ஒரு செயற்கைப் பசையைக் கொண்டுவந்தார். அப்புறம் உலகப் போர் வந்தது. மொஸ்கிட்டோ, அதாவது கொசு என்று பெயர் வைத்த மரப் போர்விமானத்தை பிளைவுட்டாலேயே செய்தார்கள். போர் முடிந்தபோது தண்ணீர் தாங்கும் பசையும், அதனால் ஒட்டிய நல்ல பிளைவுட்டும் சாதாரணத் தச்சன் கைக்கு வந்துவிட்டன.

அதுவரை அங்கே விளையாட்டுக்காகப் பாய்ப்படகு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் காசுக்காரர்கள். பலகையை வளைத்து விலாவெலும்பு போன்ற சட்டங்களின் மேல் பொருத்துவது தேர்ந்த படகுத் தச்சர் வேலை; அவருடைய கூலியைக் கொடுக்க எல்லோராலும் முடியாது. இந்தக் கணக்கை மாற்றியவர்களில் முதல் பெயராக நான் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயப் படகு வடிவமைப்பாளரைச் சொல்வேன். 1947இல் பிள்ளைகளுக்கென்று கேடட் என்ற சின்னப் படகை வரைந்தார். அடுத்து 14 அடி நீளமுள்ள ஜிபி14. 1956இல் நீலப் பாய் கட்டிய என்டர்பிரைஸ். நியூஸ் குரோனிக்கல் என்ற பத்திரிகை அதற்குத் துணை நின்றது.

ஜிபி14ஐ நான் கையால் தொட்டிருக்கிறேன். இளவயதில் மொறட்டுவையில் ஒரு பாஸிடம், அதாவது தச்சு மேஸ்திரியிடம், மரவேலை பழகினேன். பொல்கொட வாவியில் ஓட்டுகிற ஒரு படகு பழுதுக்கு வந்தது. அடிப்பலகையைத் தட்டிப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் ஸ்டோர் ஞாபகம் வந்துவிட்டது. அதே சத்தம். வருஷக்கணக்காகத் தண்ணீரில் கிடந்த பிளைவுட், ஒரு அடுக்குக்கூடப் பிரியவில்லை. அந்தப் பட்டறையில் கிடந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில்தான் சிவப்புப் பாய் கட்டிய மிரர் படகின் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.

மிரர் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. டெய்லி மிரர், தொழிலாளர் குடும்பங்கள் விரும்பி வாசித்த லண்டன் பத்திரிகை. தன் வாசகர்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய ஒரு படகு வேண்டும் என்று அது நினைத்தது. பாரி பக்னல் என்பவர் அப்போது பிபிசி தொலைக்காட்சியில் வீட்டு மரவேலையைச் சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கியிருந்தார். அவரும் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து இதை வரைந்தார்கள். 1963 ஜனவரியில் லண்டன் படகுக் கண்காட்சியில் வைத்தார்கள். பாகங்கள் எல்லாம் அடங்கிய பெட்டியின் விலை 63 பவுண் 11 ஷில்லிங். அன்றைய பிரிட்டிஷ் தொழிலாளி ஒருவரின் ஏறக்குறைய நான்கு வாரச் சம்பளம். நீளம் 3.3 மீற்றர், உடற்பகுதியின் எடை 45 கிலோ சொச்சம். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடக்கலாம். நம் ஊரில் கொழுந்து மூட்டை தூக்கியவர்களுக்கு அது எவ்வளவு கனம் என்று தெரியும்.

என் மனதைப் பிடித்தது அதன் தையல். ஆமாம், இந்தப் படகைத் தைக்கிறார்கள். தட்டையான பலகைகளை அச்சுப்படி வெட்டி, ஓரமாகத் துளை போட்டு, செம்புக் கம்பியைக் கோர்த்து முறுக்குவார்கள். ஓரங்கள் நெருங்க நெருங்கப் பலகை தானாகவே வளைந்து படகு வடிவத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு மூட்டுகளின் மேல் கண்ணாடி இழை நாடாவை வைத்துப் பிசின் தடவி இறுக வைப்பார்கள். விலாச்சட்டமும் அச்சுக்கட்டையும் தேடவேண்டியதில்லை. இந்த முறையைச் சின்னத் துடுப்புப் படகுகளில் முதலில் செய்துகாட்டியவர் கென் லிட்டில்டைக். அவர் பள்ளிக்கூடத்தில் கைவேலை சொல்லிக்கொடுத்த ஆசிரியர். நானும் முப்பது வருஷம் மரவேலைப் பாடம் எடுத்தவன். பிள்ளைகளுக்கு லேசாகப் புரிய வேண்டும் என்று யோசிக்கிற ஆளுக்குத்தான் இப்படி ஒரு வழி தோன்றும் என்று நான் நம்புகிறேன்.

பாயும் அப்படி யோசித்துச் செய்ததுதான். ஒரே நெட்டையான பாய்மரம் வைத்தால் அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் குட்டையான மரமும், அதன் மேலே ஏறிப்போகிற ஒரு கம்புமாகப் பிரித்தார்கள். கழற்றினால் எல்லாம் படகின் நீளத்துக்குள் அடங்கிவிடும். காரின் மேல் கட்டிக்கொண்டு போகலாம். அணியம், அதாவது படகின் முன்முனை, மற்றப் படகுகள் போலக் கூராக இருக்காது, வெட்டிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். அழகில்லை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது. பாயின் சிவப்பு அந்தப் பத்திரிகையின் தலைப்புச் சிவப்பு.

இதுவரை 70,000க்கும் மேற்பட்ட மிரர்கள் கட்டப்பட்டிருக்கின்றன. சமையலறையிலும் வண்டிக் கொட்டகையிலும் கட்டியவை எத்தனையோ. 1997இல் ஒரு ஆசிரியர் இங்கிலாந்திலிருந்து ஒரு பழைய மிரரில் புறப்பட்டார். ஆறு, கால்வாய், கடல் என்று மாறி மாறிப் போய், தன்யூப் நதி வழியாகக் கருங்கடலில் போய் நின்றார்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். நம் பாட்டன் பூட்டன்மார் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து பாய் கட்டிய தோணிகளில்தான் கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியில் நடந்தார்கள். அந்தத் தோணியில் அவர்கள் சுமை. பாய்க்கயிறு அவர்கள் கையில் இல்லை.

இன்று நம்மைச் சுற்றிலும் தண்ணீர். காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, தலவாக்கலையில் மேல் கொத்மலை என்று எத்தனை நீர்த்தேக்கங்கள். மவுசாகலைக்குள் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. நீர் வற்றினால் கோயில் தலை காட்டும். இவ்வளவு தண்ணீர் இருந்தும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் "அந்தப் பக்கம் போகாதே" என்ற ஒரு வார்த்தைதான். அம்மாமார் சொல்வதில் தப்பில்லை. குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளை எல்லாத் தோட்டத்துக்கும் தெரியும். அதனால்தான் மிரரின் இன்னொரு பாகத்தைச் சொல்ல வேண்டும். அதன் பக்கங்களிலும் முன்னாலும் பின்னாலும் காற்று அடைத்த மூடிய அறைகள் இருக்கின்றன. கவிழ்ந்தாலும் மூழ்காது. நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். ஆனால் முதலில் நீச்சல், அடுத்து மிதவைச் சட்டை, அதற்குப் பிறகுதான் படகு. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

ஒரு நீர்த்தேக்கத்தில் பிள்ளைகளோடு படகு விட அனுமதி கேட்டு ஒரு அலுவலகத்துக்கு இரண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவது கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறேன். அது வாசல் மேசையில் இருக்கிறது.

இப்போது இங்கே பாருங்கள். இது மிரரைப் பார்த்து நான் சின்னதாக வெட்டிய மாதிரி. அப்பா விட்டுப்போன கடைசிப் பெட்டியின் பலகை. அடிப்பலகைகள் இரண்டும் இன்னும் தட்டையாகத்தான் இருக்கின்றன. துளை போட்டிருக்கிறேன், கம்பியும் கோர்த்தாயிற்று. இரண்டு பிள்ளைகள் எழுந்து வாருங்கள். ஒருவர் பலகையைப் பிடியுங்கள். நீ கம்பியை முறுக்கும்மா, மெதுவாக. எல்லோரும் பலகையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருங்கள்.