"உங்க மேல தப்பே இல்ல" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். மனநல ஆலோசகராக 26 ஆண்டுகள் ஓட்டிவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் நான் வாய்விட்டதிலேயே பெரிய பிசகு எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். ஒரு செவிலியரிடம், "உங்க மேல தப்பே இல்லம்மா" என்று சொன்னேன். அவ்வளவுதான். நல்ல வார்த்தைதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவரிடம் கேட்டுக்கொண்டு, அடையாளங்களை மாற்றித்தான் இதைச் சொல்கிறேன். தூக்கம் வரவில்லை என்று வந்தார். தொலைபேசி மணி அடித்தால் கை நடுங்குகிறது, அதனால் எடுப்பதே இல்லை என்றார். மூன்று முறை வந்தும் இதற்கு மேல் பேச்சு நகரவில்லை. நான்காம் முறைதான் விஷயம் வெளியே வந்தது. பெருந்தொற்றுக் காலம், இரவுப் பணி. ஒரு பெரியவருக்கு மூச்சு இறங்கிக்கொண்டே போகிறது. அவருடைய மகள் போன் செய்கிறார். உள்ளே யாரையும் விடாத நாட்கள் அவை. நிலவரம் எதையும் போனில் சொல்லக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. இவர், "அப்பா நல்லா இருக்கார், நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டார். விடிவதற்குள் பெரியவர் போய்விட்டார். "அந்த போனை அவர் காதுல வச்சிருந்தா, மக குரலையாவது கேட்டிருப்பாரே" என்றார்.

நான் உடனே அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் தலையாட்டினார், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு மாதம் ஆளையே காணோம். திரும்பி வந்தபோது ஏன் வரவில்லை என்று கேட்டேன். "நீங்க நான் சொன்னத கேக்கவே இல்லையே" என்றார். சுருக்கென்றது.

அவர் சொன்னது சரிதான். நான்கு வாரம் தயங்கித் தயங்கி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டேன். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது, அதுதான் உண்மை. ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நம் சங்கடத்தைத்தான் நாம் பல நேரம் போக்கிக்கொள்கிறோம்.

இந்த வகைக் காயத்துக்கு ஆங்கிலத்தில் மாரல் இஞ்சுரி என்று பெயர். நான் அறக்காயம் என்பேன். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு பாஸ்டனில் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990களில் இதை எழுதினார். எது சரி என்று நம்பினோமோ அதை, அதிகாரத்தில் இருப்பவரே, உயிர் ஊசலாடும் நேரத்தில் காலில் போட்டு மிதிப்பது. அதில் விழும் காயம்தான் அவர் பேசியது. அப்புறம் 2009இல் பிரெட் லிட்ஸ் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் அதை இன்னும் விரித்தார்கள். மனசாட்சிக்கு விரோதமானதை நாமே செய்வது மட்டுமல்ல, தடுக்கத் தவறுவதும், கண்ணால் பார்ப்பதும், பின்னால் கேள்விப்படுவதும்கூட இந்தக் காயத்தை உண்டாக்கலாம் என்றார்கள். பேச்சு தொடங்கியது போர்வீரர்களைப் பற்றித்தான். ஆனால் செவிலியர், மருத்துவர், காவலர், மீட்புப் பணியாளர் என்று நீங்கள் தினமும் பார்க்கும் ஆட்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

இது பயம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பயந்தவருக்கு, "ஆபத்து முடிந்துவிட்டது, இப்போது பத்திரமாக இருக்கிறீர்கள்" என்று சொல்ல முடியும். அந்தச் செவிலியருக்கு என்னிடம் வந்தபோது என்ன ஆபத்து இருந்தது? ஒன்றும் இல்லை. அவருக்கு அவரையே பிடிக்கவில்லை, அதுதான் பிரச்சினை.

இதிலும் இரண்டு வகை இருக்கிறது. "நான் செய்தது தப்பு" என்பது குற்ற உணர்ச்சி. "நானே தப்பான ஆள்" என்பது வெட்கம். ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் 1971லேயே இதைப் பிரித்துக் காட்டினார். குற்ற உணர்ச்சி உள்ளவர் எதையாவது சரிசெய்யப் பார்ப்பார். வெட்கம் பிடித்தவர் ஒளிந்துகொள்ளப் பார்ப்பார். நம் பேச்சிலேயே இருக்கிறது பாருங்கள். "எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவேன்", "முகத்தில் முழிக்க முடியவில்லை", "தலை நிமிர முடியவில்லை". எல்லாமே முகம், தலை. தமிழில் வெட்கம் என்றதும் கன்னம் சிவக்கும் வெட்கம்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். நான் சொல்வது அது இல்லை. இது கண்ணாடியைப் பார்க்க விடாத வெட்கம். அதனால்தான் புத்தகம் படித்தோ தனியாக யோசித்தோ இதிலிருந்து வெளியே வருவது கடினம் என்பேன். எதிரில் ஒரு முகம் வேண்டும். முழுசாகக் கேட்ட பிறகும் திரும்பிக்கொள்ளாத முகம்.

இன்னொன்று, இதை நடுவிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் வைத்தால் விட்டுப்போகும். இந்த வெட்கத்தோடு "நான் இருந்து என்ன பயன்" என்ற எண்ணமும் சேர்ந்து வந்தால், ஆலோசகர் நேரம் கொடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், கூடவே ஒருவரை அழைத்துக்கொண்டு.

சரி, செவிலியரிடம் வருவோம். இரண்டாவது சுற்றில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் அந்த இரவை மணிக்கணக்குப்படி சொன்னார். அப்புறம் ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டேன். வட்டத்தை வானொலியில் காட்ட முடியாது, அதனால் இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். நடந்ததற்கான பொறுப்பு மொத்தம் 100 பங்கு. யார் யாருக்கு எவ்வளவு? முதலில் 100ம் தனக்கே என்றார். அந்த உத்தரவு போட்டவருக்கு? அன்று அந்த வார்டுக்கு ஒரே ஒரு ஆளை விட்டவர்களுக்கு? அந்த நோய்க்கு? ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க உத்தரவு போட்டவர்மேல் கோபம் வந்தது, அதுவரை வராத கோபம். கடைசியில் தனக்கு 20 என்று நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் குறைக்கலாமே என்று எனக்கு ஆசை. பழைய புத்தி. "இல்ல, இதுக்குக் கீழ போனா பொய்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

அடுத்து ஒரு காலி நாற்காலியைக் கொண்டுவந்து எதிரே போட்டேன். நான் கண்டுபிடித்த வித்தை இல்லை, லிட்ஸும் அவருடைய குழுவினரும் வகுத்த சிகிச்சை முறையிலும் இப்படி ஒன்று உண்டு. நீங்கள் மிகவும் மதிக்கும் ஒருவர், உங்கள்மேல் அன்பும் உள்ளவர், அங்கே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். நடந்ததை அவரிடம் சொல்ல வேண்டும். அவர் என்ன சொல்வார் என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். இவர் தனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த செவிலியரை உட்கார வைத்தார். அந்த அம்மா உயிரோடு இல்லை.

"என்ன சொல்கிறார்?"

"போனை ஏன் காதுல வைக்கலன்னு கேக்குறாங்க."

ரொம்ப நேரம் பேச்சே இல்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம், "சாப்பிட்டியான்னு கேக்குறாங்க" என்றார். அழுதார். முதல் தடவையாக அன்றுதான் அழுதார்.

"வேற?"

"நாளைக்கு டூட்டிக்கு வந்துடுன்னு சொல்றாங்க."

நான் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. நான் "தப்பே இல்ல" என்றபோது நம்பாதவர், தப்பைக் கேட்டுவிட்டு "சாப்பிட்டியா" என்றவரை நம்பினார்.

எதிரே நிலையத்து நண்பர் விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். அந்த 20 பங்கை என்ன செய்தார் என்பதைத்தான் விரிவாகப் பேச வந்தேன், நாற்காலியிலேயே நேரம் போய்விட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த மகளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கட்டுமா என்றார். யாருடைய மனம் ஆறுவதற்காக என்று திருப்பிக் கேட்டேன். அவர் போகவில்லை. கடிதமாக எழுதினார், அனுப்பவில்லை. எல்லோருக்கும் இதே பதில் பொருந்தாது, சில பேர் போய்த்தான் ஆக வேண்டும். அதற்கு இப்போது நேரம் இல்லை. புதிதாக வேலைக்குச் சேரும் செவிலியர்களுக்கு, கடைசி நேரத்தில் நோயாளியின் காதில் போனை எப்படிப் பிடிப்பது, அந்தப் பக்கம் இருப்பவரிடம் முதலில் என்ன சொல்வது என்று அவரே சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய வீட்டு போனையும் இப்போது அவர்தான் எடுக்கிறார். இப்படிக் காயப்பட்டவர்களின் குடும்பத்தாருக்கென்று நான் எழுதி வைத்த தாள் என் கையிலேயே இருக்கிறது, இன்னொரு முறை கூப்பிட்டால் படிக்கிறேன். வணக்கம்.