குன்னூர் தாண்டியதும் யெஸ்டி ஏன் திணறுகிறது?

வணக்கம். மேட்டுப்பாளையத்தில் ஜோராக ஓடும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி, மலை ஏறியதும் ஏன் புகை கக்குகிறது? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

என்னிடம் இருப்பது யெஸ்டி 250 பைக். மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-இல் ஜாவாவாகத் தொடங்கி, 1973-இல் யெஸ்டி என்று பெயர் மாற்றி, 1996-இல் மூடிய தொழிற்சாலையில் பிறந்தது. உதைத்து ஸ்டார்ட் செய்யும் லீவரையே முன்னால் மடக்கினால் கியர் லீவர். அதைப் பார்த்த அன்றே மயங்கிவிட்டேன்.

வாங்கி ஓட்டிவந்த நாளில் பர்லியாறு வரை ஒரு குறையும் இல்லை. குன்னூர் தாண்டி அருவங்காடு ஏற்றத்தில் இழுவையே போய்விட்டது. காட்டிய மெக்கானிக் கடையில் "இன்ஜின் போரிங் போடணும்", அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைய வேண்டும் என்றார்கள். அதற்கு முன் இன்ஜினில் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்.

(காட்சி: உள்ளங்கையில் பிளக்)

பாருங்கள், முனை முழுக்க உலர்ந்த கரி. விரலால் தேய்த்தால் மை மாதிரி ஒட்டுகிறது. இன்ஜினில் கோளாறு இல்லை, காற்றுதான் போதவில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரோ அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. ஊதாத விறகடுப்பு புகைவது போலத்தான் இது.

(காட்சி: பிரித்துவைத்த கார்புரேட்டர்)

பெட்ரோல் வழியில் ஏறி இறங்கும் ஊசிதான் நீடில். அதைப் பிடித்திருக்கும் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றுங்கள். நீடில் இறங்கும், பாதி ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் குறையும். முழு ஆக்சிலரேட்டரில் திணறினால், பெட்ரோல் வரும் துளையுள்ள பித்தளைத் திருகான மெயின் ஜெட்டை ஒரு படி சிறியதாகப் போடுங்கள். ஜெட்டைக் கம்பியால் மட்டும் குத்தாதீர்கள். பித்தளை மிருதுவானது, துளை பெரிதானால் அந்த ஜெட் வீண். அப்புறம் ஒரு ஏற்றம் ஓட்டிவிட்டு மறுபடி பிளக்கைப் பாருங்கள். வறுத்த வேர்க்கடலைத் தோலின் நிறம் வந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோலை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள்.

இவ்வளவு செய்தாலும் சமவெளியின் வேகம் மேலே கிடைக்காது. கியரைக் குறைத்து, வண்டியை வதைக்காமல் ஏற்றுங்கள்.

இறக்கம்தான் எனக்கு அதிகக் கவலை. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் பிஸ்டனுக்குப் போகிறது. ஆக்சிலரேட்டரை மூடிக் கியரிலேயே நெடுந்தூரம் இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் போகாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் நேர்சாலை கிடைக்கும்போதெல்லாம் கிளட்சைப் பிடித்து ஒருமுறை முறுக்கி விடுங்கள். பிரேக் சூடேறினால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

நான் கல்லாறில் கட்டாயம் நிற்பேன். சட்டைப் பையில் பழைய ஜெட் இருக்கும். சமவெளியின் கனத்த காற்றில் மலை ஜெட்டோடு விரட்டினால் இன்ஜின் சூடேறிவிடும். இன்ஜின் ஆறும்வரை ஒரு டீ, பிறகு பத்து நிமிடத்தில் ஜெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பலாம்.